மகனின் சளி பச்சையாகிவிட்டது, ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஆறு நாள்களுக்கு முன் அவனுக்கு மூக்கொழுகத் தொடங்கியது. முதல் இரண்டு நாள்கள் சளி தண்ணீராக இருந்தது, லேசான காய்ச்சலும் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் சளி மஞ்சளாகி, இப்போது கெட்டியாகப் பச்சை நிறத்தில் வருகிறது. பகலில் விளையாடுகிறான், ஓரளவு சாப்பிடுகிறான். இரவில் மூக்கடைத்துக்கொண்டு இருமுகிறான். பச்சைச் சளி என்றால் நோய் முற்றிவிட்டது என்று என் மாமியார் கவலைப்படுகிறார். சளியின் நிறம் தெளிந்த பிறகு அனுப்புங்கள் என்று மழலையர் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் பாதி பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? எனக்கும் காலையில் எழுந்தவுடன் மஞ்சள் சளி வருகிறது, பகலில் வருவதில்லை. சளியின் நிறத்தை வைத்து எதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அந்தச் சிரப்பைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் மகனுக்கு இருப்பது வைரஸால் வரும் சாதாரணச் சளிதான். அது ஆறாம் நாளில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. பச்சை நிறத்தைக் கண்டு பதறி வரும் பெற்றோரைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் என்ற முறையில் நான் அன்றாடம் பார்க்கிறேன். அந்தப் பதற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நிறம் மாறிய நாளிலேயே ஆன்டிபயாடிக் தொடங்கும் பழக்கம் குழந்தைகளுக்குக் கெடுதல் செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சளியை நாம் கழிவு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது நோய் இல்லாதபோதும் நம் மூக்கில் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும் ஒரு பாதுகாப்புப் படலம். அதில் பெரும்பகுதி தண்ணீர். மீதமுள்ள சிறு பகுதியில், அதற்கு வழவழப்பைத் தரும் மியூசின் என்ற புரதங்களும், உப்புகளும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பொருளான லைசோசைமை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1921ஆம் ஆண்டில் கண்டறிந்தது மூக்குச் சளியில்தான். ஆய்வுத்தட்டில் வளர்ந்திருந்த கிருமிகள் சளி பட்ட இடத்தைச் சுற்றிக் கரைந்துபோனதை அவர் கவனித்தார். பென்சிலினை அவர் கண்டறிந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். மூக்கின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நொடிக்குப் பத்து முறையளவு அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், வயிற்றிலுள்ள அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மூக்கின் முன்பகுதியில் ஒரு துளி சாக்கரினை வைத்து, தொண்டையில் இனிப்பு எப்போது தெரிகிறது என்று பார்க்கும் ஒரு பழைய சோதனை உண்டு. ஆரோக்கியமான மூக்கில் பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் இனிப்பு தெரிந்துவிடும். குழந்தை சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுகிறானே என்ற கவலை பலருக்கு இருப்பதால் இதைச் சொல்கிறேன். அப்படி விழுங்குவதால் எந்தத் தீங்கும் இல்லை.

இனி அந்தப் பச்சை நிறத்துக்கு வருவோம். மூக்கின் உட்சவ்வை வைரஸ் தாக்கியவுடன், அதைக் கழுவி வெளியேற்ற உடல் முதலில் தண்ணீரான சளியை அதிகமாகச் சுரக்கிறது. அடுத்த ஓரிரு நாள்களில் இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில் என்ற வகை, பெருந்திரளாக அங்கே வந்து சேருகின்றன. இந்த அணுக்களுக்குள் மயிலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இரும்புச் சத்தைத் தன்னுள் கொண்ட இந்த நொதியின் இயல்பான நிறமே பச்சை. 1941இல் இதைப் பிரித்தெடுத்த ஆய்வாளர் ஷெல் அக்னர், பசுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை முன்னொட்டாகச் சேர்த்து 'வெர்டோபெராக்சிடேஸ்' என்றுதான் இதற்கு முதலில் பெயர் வைத்தார். அணுக்கள் குறைவாக இருந்தால் சளி மஞ்சளாகவும், நிறையச் சேர்ந்து சளியும் கெட்டிப்பட்டால் பச்சையாகவும் தெரிகிறது. ஆகவே உங்கள் மகனின் கைக்குட்டையில் நீங்கள் பார்ப்பது கிருமியின் நிறம் அன்று, அவனுடைய சொந்த வெள்ளை அணுக்களின் நிறம். வந்திருப்பது வைரஸானாலும் பாக்டீரியாவானாலும் அதே அணுக்கள்தான் வருகின்றன, அதே நிறம்தான் தெரிகிறது. இரண்டில் எது என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது.

அப்படியானால் மருத்துவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்பீர்கள். முதலில் நாள்களை எண்ணுகிறோம். வைரஸ் சளி ஏறி இறங்கும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதலில் தண்ணீராக ஒழுகும், காய்ச்சல் வந்தால் அந்த நாள்களிலேயே வந்து போய்விடும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாறு நாள் வரை சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். பிறகு நிறம் வெளுத்து, ஏழிலிருந்து பத்து நாள்களுக்குள் படிப்படியாகக் குறையும். சிறு குழந்தைகளுக்கு இருமலும் மூக்கொழுகலும் இரண்டு வாரம் வரை இழுப்பதுண்டு. பத்தாம் நாளில் முழுமையாகக் குணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை, குறையத் தொடங்கியிருந்தாலே போதும்.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கும் காற்றறைகளைத்தான் சைனஸ் என்கிறோம். அங்கே வரும் பாக்டீரியா தொற்று இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கும். பத்து நாள்களைக் கடந்தும் சளியும் இருமலும் சற்றும் குறையாமல் அப்படியே நிற்பது ஒரு வகை. தொடக்கத்திலிருந்தே 39 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 102 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற கெட்டிச் சளியும் சேர்ந்து மூன்று நான்கு நாள்கள் விடாமல் இருந்து, குழந்தை துவண்டு கிடப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகையைப் பெற்றோர் எளிதில் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன்: சளி குறைந்து குழந்தை தேறிவந்த நிலையில், ஆறாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் மீண்டும் காய்ச்சல் வந்து சளியும் இருமலும் முன்னைவிட அதிகமாவது. உங்கள் மகன் இன்று ஆறாம் நாளில் இருக்கிறான். காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றுவிட்டது, விளையாடுகிறான். இந்த மூன்றில் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. இருந்தாலும் அடுத்த சில நாள்கள் காய்ச்சல் திரும்புகிறதா என்று கவனித்து வாருங்கள்.

பெரியவர்களுக்கு வரும் வைரஸ் சளிகளில் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுபவை நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போவதில்லை. குழந்தைகளில் இது கூடுதல் என்றாலும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் நிறம் மாறுவதோ ஏறக்குறைய எல்லாச் சளியிலும் நடக்கிறது. உங்கள் மகன் வயதுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு பாட்டில் என்று தொடங்கினால், ஒரே ஆண்டில் எட்டு முறை தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களாவோம். வைரஸை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, ஒவ்வாமை ஆகிய பக்க விளைவுகள் மட்டும் உடன் வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு, குழந்தையின் உடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்வதுதான். உண்மையிலேயே நிமோனியாவோ காதில் சீழோ வரும் நாளில் அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப்புகளில் பெரும்பாலானவை பொடியாக வந்து, தண்ணீர் கலந்த பிறகே மருந்தாகின்றன. கலந்த நாளிலிருந்து, குளிரில் வைத்திருந்தாலும், மருந்துக்கு ஏற்ப ஏழிலிருந்து பதினான்கு நாள்கள் வரைதான் அவற்றின் வீரியம் நிற்கும். நான்கு மாதம் ஆன மருந்துக்கு நம்பத்தக்க வீரியம் எதுவும் இல்லை. மேலும் அன்று எழுதிய அளவு அன்றைய எடைக்கும் அன்றைய நோய்க்கும் உரியது. தயவுசெய்து அதை அப்புறப்படுத்திவிடுங்கள். வீட்டில் இருந்தால் ஒருநாள் நள்ளிரவில் வேறு யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பள்ளியின் விதிமுறை எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அது உண்மைக்கு நேர் எதிராக இருக்கிறது. சளி மற்றவர்களுக்கு மிக எளிதாகத் தொற்றுவது முதல் இரண்டு மூன்று நாள்களில், அதாவது மூக்கிலிருந்து தெளிந்த நீராக வடியும்போது. பச்சையாகும் கட்டத்தில் வைரஸின் அளவு பெரும்பாலும் குறையத் தொடங்கியிருக்கும். தெளிந்த சளியோடு வரும் குழந்தையை உட்காரவைத்துவிட்டுப் பச்சைச் சளியோடு வரும் குழந்தையைத் திருப்பி அனுப்புவதால் வகுப்பில் யாருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. காய்ச்சல் இல்லாமல், இயல்பாகச் சாப்பிட்டு விளையாடும் குழந்தையை அனுப்பலாம் என்பதே சரியான அளவுகோல். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

உங்களுக்குக் காலையில் மட்டும் வரும் மஞ்சள் சளிக்கும் இதே விளக்கம் பொருந்தும். இரவில் சளி அதிகம் நகராமல் ஓரிடத்திலேயே தேங்கி நீர் வற்றுவதால், அதிலுள்ள சிறிதளவு வெள்ளை அணுக்களே அடர்ந்து மஞ்சளாகத் தெரிகின்றன. எழுந்து நடமாடி, தண்ணீர் குடித்து, ஒருமுறை சிந்தியவுடன் தெளிந்துவிடுகிறது என்றால் கவலைப்பட எதுவும் இல்லை. ஆனால் மூக்கடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்குவது, முகத்தில் பாரம், வாசனை தெரியாமல் போவது ஆகியவை பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். மூக்கினுள் பாலிப் என்ற சதை வளர்ந்திருக்கிறதா என்றும் உள்ளே விளக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மற்ற நிறங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைச் சளி, மூக்கின் உட்சவ்வு வீங்கியதால் சளி மெதுவாக நகர்ந்து நீரை இழந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. தெளிந்த நீராக வாரக்கணக்கில் வடிந்து, கூடவே அடுக்கடுக்கான தும்மலும் கண் அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. இளஞ்சிவப்பும் சிவப்பும் இரத்தத்தின் அடையாளம். மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடப்பதால், வறட்சியிலோ, அழுத்திச் சிந்தும்போதோ, விரலால் நோண்டும்போதோ அவை எளிதில் கசியும். பழுப்பு நிறம் பெரும்பாலும் உலர்ந்த பழைய இரத்தம் அல்லது உள்ளே போன தூசி. புகைப்பவர்களுக்கும் புகையும் கரியும் உள்ள இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் சளி கருமையாக வருவதுண்டு. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவருக்கோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கோ, கருஞ்சளியோ மூக்கினுள் கருத்த பொருக்கோ தெரிந்து, முகத்தில் வலியும் மரத்துப்போன உணர்வும் கண்ணைச் சுற்றி வீக்கமும் சேர்ந்தால், அது மியூகோர்மைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மறுநாள் காலை வரை கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோய் அது.

பெற்றோர் நிறத்தைப் பார்ப்பதில் செலவிடும் கவனத்தில் பாதியையாவது, சளி ஒரு துளையில் வருகிறதா, இரண்டிலும் வருகிறதா என்பதில் செலுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். சாதாரணச் சளி இரண்டு பக்கமும் வரும். உங்கள் மகன் வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு துளையிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு கெட்டிச் சளியோ இரத்தம் கலந்த சளியோ வந்தால், உள்ளே ஏதோ பொருள் சிக்கியிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். இரண்டு மூன்று முறை ஆன்டிபயாடிக் முடித்துவிட்டு வந்த குழந்தைகளின் மூக்கிலிருந்து பஞ்சையும் பாசிமணியையும் எடுத்திருக்கிறேன். எடுத்த சில நாள்களில் அந்த நாற்றமும் சளியும் தாமாக நின்றுவிடும். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி மூக்கில் போயிருந்தால் அது அவசரநிலை. மூக்கின் ஈரத்தில் அதிலிருந்து மின்சாரம் பாய்ந்து, சில மணி நேரத்துக்குள்ளாகவே உள்ளே வெந்துபோய், நடுச்சுவரில் துளை விழும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். வீட்டிலேயே எடுக்க முயலாமலும், மூக்கில் தண்ணீரோ சொட்டு மருந்தோ விடாமலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி வந்தால், மேல்தாடைப் பல்லின் வேரிலுள்ள சீழ் சைனஸுக்குள் இறங்கியிருக்கலாம், பூஞ்சை உருண்டை இருக்கலாம், அரிதாகக் கட்டியும் இருக்கலாம். பல்லையும் மூக்கையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும்.

ஒரு பக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தலையில் அடிபட்ட பிறகோ, மூக்கில் அறுவை செய்த பிறகோ, சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமலோ, குனிந்தவுடன் ஒரு துளையிலிருந்து தண்ணீர் போலச் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவமாக இருக்கலாம். பார்ப்பதற்கு எல்லா நிறங்களிலும் மிகச் சாதுவானது இந்தத் தெளிந்த நீர்தான். ஆனால் மூளை உறையில் தொற்று ஏற்படும் அபாயம் இதில் இருக்கிறது. அந்த நீரைச் சேகரித்து, பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதில் இருக்கிறதா என்று சோதித்து உறுதிசெய்ய முடியும்.

இப்போது உங்கள் மகனுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். தூங்குவதற்கு முன்பும் சாப்பிடுவதற்கு முன்பும் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துளையிலும் விட்டு, ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு மறுபக்கத்தை மெதுவாகச் சிந்தக் கற்றுக்கொடுங்கள். பலங்கொண்ட மட்டும் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளேயே தள்ளப்படும் என்பது சோதித்து அறியப்பட்ட ஒன்று. பெரியவர்கள் மூக்கைக் கழுவ வீட்டிலேயே உப்புநீர் தயாரிப்பதானால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரில் அரிதாக இருக்கக்கூடிய நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்றால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. கடையில் கிடைக்கும் சளி, இருமல் கலவை மருந்துகள் இந்த வயதில் பயனைவிடப் பக்க விளைவையே அதிகம் தருவதால் தவிர்த்துவிடுங்கள். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்துகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பெரியவர்களே அவற்றை ஐந்து நாள்களுக்கு மேல் போட்டால், மருந்தாலேயே மூக்கு மீண்டும் மீண்டும் அடைக்கத் தொடங்கிவிடும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்வதையும் நான் ஏற்பதில்லை. அதனால் சளி விரைவில் குணமாகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை, பாத்திரம் சரிந்து வெந்துபோகும் குழந்தைகள் மட்டும் உண்மை.

சைனஸ் தொற்று இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்கச் சொல்லி நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். சாதாரண வைரஸ் சளியின்போதே பெரும்பாலானவர்களின் சைனஸ்கள் படத்தில் அடைபட்டுத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மருந்து எழுதுவது, நிறத்தைப் பார்த்துவிட்டு மருந்து எழுதுவதைப் போன்றதே.

கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவப்பது, பார்வை இரட்டையாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், தொடர் வாந்தி, மயக்கம் போன்ற சோர்வு, மூச்சு விடும்போது விலா உள்வாங்குவது, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது: இவற்றில் எது தெரிந்தாலும், அன்று சளி எந்த நிறத்தில் இருந்தாலும், உடனே அழைத்துச் செல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாதவரை, இன்றிலிருந்து ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதி வாருங்கள். இது எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, இரவில் தூங்கினானா, சளி ஒரு பக்கமா இரு பக்கமா என்பது போதும். நிறத்தை எழுதலாம், ஆனால் கடைசியாக எழுதுங்கள். இன்னும் நான்கு நாள்களில், பத்தாம் நாள் முடியும்போது, சளியோ இருமலோ சிறிதும் குறையவில்லை என்றாலும், அதற்குள் காய்ச்சல் திரும்பினாலும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அப்போது ஆன்டிபயாடிக் தேவை என்று அவர் முடிவு செய்தால், இன்றைய எடைக்குரிய அளவில் புதிதாக எழுதித் தருவார். அதை அவர் சொன்ன நாள்கள் வரை தயங்காமல் கொடுங்கள், மீதமிருந்தால் எடுத்து வைக்காதீர்கள்.